பேசினால் நிற்கும் கால்கள்

'அவேக்கனிங்ஸ்' பார்த்திருக்கிறீர்களா? 1990-ல் வந்த ஹாலிவுட் படம். ராபின் வில்லியம்ஸ் டாக்டர். ராபர்ட் டி நீரோ நோயாளி. பார்க்காவிட்டால் பரவாயில்லை, ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

வருஷக்கணக்காகச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து நடக்கிறார். ஆஸ்பத்திரி ஹாலின் தரையில் கட்டம் கட்டமாக டிசைன். பாதி ஹாலில் டிசைன் முடிந்துபோகிறது. அம்மாளும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். எதிரே குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. தாகம் போலிருக்கிறது என்று நினைக்கிறார் டாக்டர். அவரும் நர்ஸும் மண்டி போட்டு மீதித் தரையிலும் கட்டம் வரைகிறார்கள். அம்மாள் மறுபடி நடக்கிறார். குழாயைத் தாண்டிப் போய் ஜன்னலருகில் நிற்கிறார். வெளியே பார்க்கிறார். அவ்வளவுதான் காட்சி.

படத்தின் மூலம், ஆலிவர் ஸாக்ஸ் என்ற நரம்பியல் டாக்டர் 1973-ல் எழுதிய அதே பெயர் கொண்ட புத்தகம். நியூயார்க்கின் பிராங்க்ஸில் இருந்த தன் நோயாளிகளைப் பற்றியது. முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய ஒரு மூளைக்காய்ச்சலில் பிழைத்து, பிறகு உறைந்துபோனவர்கள் அவர்கள். பார்க்கின்ஸன் நோய்க்கு அது நெருங்கிய உறவு, ஆனால் அதுவே அல்ல.

கட்டம் போட்டால் கால் நகரும் என்பது சினிமாவுக்காகச் செய்த ஜோடனை இல்லை. லண்டன் டாக்டர் பர்டன் மார்ட்டின் 1967-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால், அடியெடுத்து வைக்க முடியாதவர் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார். செலவு, ஒரு டப்பா பெயின்ட்.

அந்தப் பெயின்ட் டப்பா இன்றைக்கு எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? டிரெட்மில், அதற்கு எதிரே பெரிய திரை, காலைப் படம் பிடிக்கும் கேமரா, லேசர் பாயும் ஷூ, இடுப்பில் கட்டும் ரோபோ உடுப்பு, மூளைக்குப் பயிற்சி என்று மொபைலில் விளையாட்டு. 'நடைக்கும் நினைப்புக்கும் சேர்த்துச் சிகிச்சை' என்று விளம்பரம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-ல் உலகத்தில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்க்கின்ஸன் இருந்தது. அதில் ஒருவர் உங்கள் அப்பாவாகவோ பக்கத்து வீட்டு மாமியாகவோ இருந்தால், இந்த விளம்பரம் உங்களை நோக்கித்தான். எனவே இந்த வாரம் சினிமா, புத்தகத்துக்குப் பதிலாக இந்தச் சரக்குக்கு ஒரு விமர்சனம்.

முதலில் கதைச் சுருக்கம்.

நாம் நடக்கும்போது நடப்பதைப் பற்றி யோசிப்பதில்லை. வாசலில் இறங்கி, செருப்பு மாட்டி, கேஸ் புக் பண்ணினோமா என்ற கவலையோடு தெருமுனை வரை போய்விடுகிறோம். எத்தனை அடி வைத்தோம், எந்தக் காலை முதலில் வைத்தோம், தெரியாது. பழகின வேலைகளை நமக்குத் தொந்தரவு கொடுக்காமல் நடத்திக்கொடுக்க மூளையின் ஆழத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பேஸல் கேங்லியா என்று பெயர். அதற்கு எண்ணெய் மாதிரி இருக்கும் ரசாயனம் டோபமைன். பார்க்கின்ஸனில் இந்த டோபமைனைத் தயாரிக்கும் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன.

விளைவு, தானாக நடந்துகொண்டிருந்த நடை தானாக நடப்பதில்லை. ஒவ்வோர் அடியையும் உத்தரவு போட்டு வரவழைக்க வேண்டியிருக்கிறது. அடி சின்னதாகிறது. திரும்பும்போது தடுமாறுகிறது. வாசற்படி, குறுகலான கதவு, லிஃப்ட் வாசல் மாதிரி இடங்களில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது. இடுப்பு மேலே போகப் பார்க்கிறது, பாதம் வர மறுக்கிறது. பார்க்கிறவர்கள் 'வாங்கப்பா, சீக்கிரம்' என்கிறார்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை.

கோடு போட்டால் ஏன் நடக்க முடிகிறது என்பதற்கு விஞ்ஞானிகள் தரும் விளக்கம் இதுதான். கெட்டுப்போனது தானியங்கிப் பாதை. கண்ணால் பார்த்து, கவனம் வைத்துச் செய்யும் பாதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கோடு அந்த இரண்டாவது பாதையைத் திறந்துவிடுகிறது. மெட்ரோனோம் 'டிக் டிக்' சத்தமும் அதே வேலையைச் செய்கிறது. 2010-ல் நெதர்லாந்து டாக்டர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 58 வயது, பத்து வருஷ நோய், நாலு அடி வைத்தால் விழுகிற நிலை. அவரை சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். ஜம்மென்று ஓட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து இறங்கினார். இறங்கிய உடனே கால் ஒட்டிக்கொண்டது. வீடியோவே இருக்கிறது.

ஆனால் கவனத்தால் நடக்கிற நடைக்கு ஒரு விலை உண்டு. கவனம் வேறெங்காவது போனால் நடை போச்சு.

1997-ல் ஸ்வீடனில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 'லான்செட்' பத்திரிகையில் ஒரே பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். கருவி ஒன்றும் கிடையாது. முதியோர் இல்லத்தில் 58 பேரோடு கூடவே நடந்து, நடுவில் பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். அவர்கள் பார்க்கின்ஸன்காரர்கள் என்று பொறுக்கப்பட்டவர்கள் இல்லை, பொதுவாக வயதானவர்கள். ஆனால் நடையும் நினைப்பும் ஒரே பர்ஸிலிருந்துதான் செலவாகின்றன என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நோய்க்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் பார்க்கின்ஸன், 1817-ல் எழுதிய சிறு நூலில், இந்த வியாதியில் புத்திக்குச் சேதமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவர் விவரித்தது மொத்தம் ஆறு பேரை, அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நூறு வருஷத்துக்கு மேல் அந்த வரி பிடிவாதமாக நின்றது. கை நடுங்குகிறதா, மாத்திரை கொடு. புத்திதான் நன்றாக இருக்கிறதே! இன்றைக்குத் தெரிகிறது, திட்டமிடுதல், கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுதல் போன்ற திறமைகள் பலருக்கு ஆரம்பத்திலேயே தேய்கின்றன. சிலருக்குப் பின்னாளில் மறதி நோயாகவும் முற்றுகிறது. எந்தப் பர்ஸை நம்பி நடக்க வேண்டியிருக்கிறதோ, அந்தப் பர்ஸிலும் ஓட்டை. லெவோடோபா மாத்திரை கை விறைப்பையும் மந்தத்தையும் நன்றாகக் குறைக்கிறது. நிலை தடுமாறி விழுவதை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை.

ஆகவே நடையையும் நினைப்பையும் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற யோசனை சரியான யோசனை. அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை, அதற்கு இயந்திரம் எவ்வளவு தேவை என்பதில்.

இயந்திர ஆசை இன்று நேற்று வந்ததில்லை. இந்த நோய்க்குப் பார்க்கின்ஸனின் பெயரை வைத்த பாரீஸ் டாக்டர் ஷார்கோ, தன் நோயாளிகள் ரயிலிலும் குதிரை வண்டியிலும் குலுங்கிக்கொண்டு வந்த பிறகு கொஞ்சம் சௌகரியமாக இருப்பதாகச் சொல்வதைக் கவனித்தார். சரி என்று குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்யவைத்தார். 1892-ல் அதைப் பற்றிச் சொற்பொழிவும் செய்தார். நோயாளிகள் நன்றாகத் தூங்கினார்கள், உடம்பு லேசாக இருக்கிறது என்றார்கள். அடுத்த வருஷம் ஷார்கோ போய்ச் சேர்ந்தார், நாற்காலியும் மறக்கப்பட்டது.

நூற்றிருபது வருஷம் கழித்து, 2012-ல், அமெரிக்காவில் சிலர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதிரும் நாற்காலி, மீதிப் பேருக்கு அதே நாற்காலி, அதிர்வு இல்லாமல், இயற்கைச் சத்தங்களோடு. ஒரு மாதம். இரண்டு கூட்டத்துக்கும் முன்னேற்றம். ஏறக்குறைய ஒரே அளவு!

இதைப் படித்துவிட்டு ஷார்கோவைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. தினம் அரை மணி நேரம் ஒருவரை உட்காரவைத்து, கவனித்து, விசாரித்தால் அதுவே ஒரு மருந்து. அது நாற்காலியின் மகிமை என்று ரசீது போடக்கூடாது, அவ்வளவுதான். புதுக் கருவி எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. அதிராத நாற்காலியோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயன்ற ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. பெயர் வி-டைம். டெல் அவிவ் நகரத்தில் அனாத் மிரெல்மன், ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃப் என்ற இருவர் முன்னின்று நடத்தினார்கள். இஸ்ரேல், பெல்ஜியம், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் என்று ஐந்து நாடுகள். 2016-ல் 'லான்செட்'டில் வந்தது. 60 முதல் 90 வயதுக்குள் 302 பேர். எல்லோரும் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் குறைந்தது இரண்டு தடவை விழுந்தவர்கள். கடைசியில் கணக்கில் வந்த 282 பேரில் 130 பேருக்குப் பார்க்கின்ஸன்.

பாதிப் பேர் டிரெட்மில்லில் நடந்தார்கள். மீதிப் பேர் அதே டிரெட்மில்லில், எதிரே ஒரு பெரிய திரையைப் பார்த்தபடி நடந்தார்கள். கேமரா அவர்கள் பாதத்தைப் படம் பிடித்துத் திரையில் காட்டும். திரையில் பாதை பிரியும், குறுக்கே தடங்கல் வரும், கவனத்தைக் கலைக்க ஏதாவது போகும். காலைத் தூக்கித் தாண்ட வேண்டும், எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு முக்கால் மணி, ஆறு வாரம். இரண்டு கூட்டத்துக்கும் இது பொது. அதிராத நாற்காலி இருக்கிறது, கவனியுங்கள்.

ரிசல்ட்? திரை இல்லாதவர்கள் முன்பு ஆறு மாதத்துக்குச் சராசரியாக 10.7 தடவை விழுந்துகொண்டிருந்தார்கள், பயிற்சிக்குப் பின் 8.3. திரையோடு நடந்தவர்கள் 11.9-லிருந்து 6. அதாவது பாதி. விழுவது பாதியாகக் குறைந்தது என்றால் சாதாரண விஷயமில்லை. வயதானவர் ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் கதையே மாறிவிடும். உங்களுக்குத் தெரியாததல்ல.

திரையின் உண்மையான சாமர்த்தியம் எது என்று யோசித்துப் பார்த்தேன். கிராஃபிக்ஸ் இல்லை. தடங்கலும் பிரியும் பாதையும் வேண்டுமென்றால் நம் ஊர் பிளாட்பாரத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பிளாட்பாரத்தில் ஒரு தப்பு செய்தால் முட்டி போய்விடும். திரையில் தப்பு செய்தால் ஒரு சத்தம் வரும், மறுபடி செய்யலாம். அடிபடாமல் தப்பு செய்யும் உரிமை. குழந்தை நடை பழகும்போது நாம் கொடுக்கும் அதே உரிமையை எழுபது வயதில் திருப்பிக் கொடுக்கிறார்கள். இது நல்ல யோசனை. தாராளமாகக் கை தட்டலாம்.

கை தட்டிவிட்டு, பொடி எழுத்தையும் படிக்க வேண்டும்.

ஒன்று, உள்ளே விடப்பட்டவர்கள் யார்? ஐந்து நிமிஷமாவது துணையில்லாமல் நடக்க முடிந்தவர்கள். டிமென்ஷியா இருந்தால் அனுமதி இல்லை. நினைப்பு ரொம்பத் தேய்ந்துபோனவர்களுக்கு, அதாவது 'நினைப்புக்கும் சிகிச்சை' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படும் குடும்பங்களில் பாதிப் பேருக்கு, இந்த ஆராய்ச்சி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு, ஆறு மாதம் வரைதான் விழுந்த கணக்கு எடுத்தார்கள். பார்க்கின்ஸன் ஆறு மாத வியாதி இல்லை. இந்த மாதிரிப் பயிற்சிகளின் பலன் கரைந்துபோவதற்கு வேறு ஓர் உதாரணம் இருக்கிறது. 2007-ல் வந்த ரெஸ்க்யூ ஆராய்ச்சியில் 153 பேருக்கு வீட்டுக்கே போய் மூன்று வாரம் சத்தம், வெளிச்சம், மணிக்கட்டு அதிர்வு என்று தாளம் கொடுத்து நடக்கப் பழக்கினார்கள். நடை தேறியது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் பலனில் பெரும்பகுதி கரைந்திருந்தது. பயிற்சி என்பது அம்மைத் தடுப்பூசி இல்லை, பல் தேய்ப்பது மாதிரி.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துவது. பாதத்தைப் படம் பிடித்தது மைக்ரோசாஃப்டின் கினெக்ட், கொஞ்சம் மாற்றியமைக்கப்பட்டது. வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்காக வந்த கேமரா. லான்செட்டில் கட்டுரை வந்த அடுத்த வருஷம், 2017 அக்டோபரில், மைக்ரோசாஃப்ட் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. விளையாட்டுச் சந்தையில் போணியாகவில்லை, நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நோயாளியின் நடை, பதினைந்து வயதுப் பையன்களின் ரசனையை நம்பி இருக்கலாமா? லெவோடோபா அறுபதுகளில் வந்தது, இன்றும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. ஒரு கேமராவின் ஆயுள் ஏழு வருஷம்கூட இல்லை.

மற்ற ஐட்டங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

லேசர் ஷூ. 2017 கடைசியில் நெதர்லாந்திலிருந்து வந்த செய்தி. ஒரு கால் தரையில் ஊன்றியதும், அடுத்த கால் தாண்ட வேண்டிய இடத்தில் ஷூவிலிருந்து ஒரு சிவப்புக் கோடு விழும். மார்ட்டினின் பெயின்ட் டப்பாவைக் காலோடு கட்டிவிட்டார்கள்! 19 பேரிடம் பரிசோதித்ததில், மருந்தின் வேகம் தணிந்திருந்த நேரத்தில் கால் ஒட்டிக்கொள்வது 46 சதவீதம் குறைந்தது. அழகான பொருள். எளிமை, நோக்கம் தெளிவு. ஆனால் 19 பேர்தான், அதுவும் ஆய்வுக்கூடத்தில். தெருவில் உச்சி வெயிலில் சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரியுமா என்று நம்மூர்க்காரன் கேட்பான்.

ரோபோ உடுப்பு. 2024 ஜனவரியில் ஹார்வர்டு, பாஸ்டன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வெளியிட்டன. இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டால் சரியான கணத்தில் காலை லேசாக இழுத்துக் கொடுக்கும். 73 வயது மனிதர் ஒருவர் அதை அணிந்து கட்டடத்துக்குள் நடந்தபோது கால் ஒட்டிக்கொள்வது அடியோடு நின்றது. பிரமாதம். ஆனால் 'ஒருவர்' என்ற சொல்லை மறுபடி படியுங்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை மறைக்கவில்லை. தலைப்புச் செய்திதான் ஒருவரை எல்லோராகவும் ஆக்கிவிடுகிறது.

மூளை விளையாட்டு. இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. பார்க்கின்ஸனோடு நினைவுக் குறைவும் வந்தவர்களுக்கு மனப்பயிற்சி கொடுத்த ஏழு ஆராய்ச்சிகளை, மொத்தம் 225 பேர், காக்ரேன் என்ற அமைப்பு 2020-ல் கூட்டிக் கழித்துப் பார்த்தது. நாலு முதல் எட்டு வாரப் பயிற்சியால் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் வந்ததற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றது. பொதுவாகவே இந்த வியாபாரத்தின் நாக்கு நீளம். லுமாஸிட்டி என்ற மூளை விளையாட்டுக் கம்பெனி, வயதானால் வரும் நினைவுக் குறைவைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி விளம்பரம் செய்தது. ஆதாரம் எங்கே என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது. 2016 ஜனவரியில் இருபது லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். சோபாவில் உட்கார்ந்து திரையில் பழம் பொறுக்கினால், பழம் பொறுக்குவதில் கெட்டிக்காரர் ஆவோம். அதற்காக வாசற்படி தானாகத் தாழ்ந்துவிடாது.

இனி, இயந்திரமே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இதற்கும் பதில் இருக்கிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் நடந்த டூவாலிட்டி என்ற ஆராய்ச்சி, 2017-ல் வெளியானது. 121 பார்க்கின்ஸன் நோயாளிகள். பெரிய திரை இல்லை, டிரெட்மில் இல்லை. ஆறு வாரம் ஃபிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். ஒரு கூட்டத்துக்கு நடையையும் மூளை வேலையையும் தனித்தனியாகப் பழக்கினார், இன்னொரு கூட்டத்துக்கு இரண்டையும் சேர்த்து. அதுவரை டாக்டர்களுக்குள் ஒரு பயம் இருந்தது. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் நோயாளி விழுந்துவைப்பார், எனவே 'நடக்கும்போது பேசாதீர்கள்' என்று சொல்வதே நல்லது என்று.

முடிவு, இரண்டு கூட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரே பலன். வேறு வேலை செய்துகொண்டே நடக்கும் வேகம் கூடியது. பயிற்சி முடிந்து 12 வாரம் கழித்தும் அது நிலைத்தது. விழும் அபாயம் கூடவில்லை.

டூவாலிட்டியில் அளந்தது நடையின் தரம், வி-டைமில் அளந்தது விழுந்த எண்ணிக்கை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, திரையே வேண்டாம் என்று நான் தீர்ப்புச் சொன்னால் அது அநியாயம். விழுவதைக் குறைத்துக் காட்டியதில் திரை ஜெயித்திருக்கிறது. ஆனால் பார்க்கின்ஸனுக்கான வி.ஆர். பயிற்சிகள் எட்டை, மொத்தம் 263 பேர், காக்ரேன் 2016-லேயே அலசியபோது, அடியின் நீளத்தைத் தவிர மற்ற அநேக விஷயங்களில் வி.ஆரும் வழக்கமான ஃபிஸியோதெரபியும் ஏறக்குறைய சமம் என்றுதான் கண்டது. ஆதாரத்தின் தரமும் குறைவு என்றது.

எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் பொதுவாக மிஞ்சுவது என்ன? வாரத்தில் சில நாள் தவறாமல் நடை. நடையோடு மூளைக்கும் வேலை. தப்பு செய்தால் தாங்கிப் பிடிக்க ஒரு கை. திரை இந்த மூன்றையும் சுவாரஸ்யமாகச் செய்யவைக்கும் ஒரு வழி. அலுத்துப்போகாமல் தொடர்வதற்கு அது உதவும் என்றால், அந்த அளவில் அதற்கு மரியாதை. 2019-ல் நெதர்லாந்தில் 130 பேருக்கு வீட்டில் நிற்கும் சைக்கிளோடு விளையாட்டுத் திரையை இணைத்துக் கொடுத்து, தூரத்திலிருந்தே கண்காணித்தார்கள். ஆறு மாதத்தில் உடல் இயக்கக் குறைபாட்டின் அளவு, வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிடக் கட்டுக்குள் இருந்தது. அங்கேயும் திரை தூண்டில்தான், மீன் சைக்கிள் மிதித்தல்.

ஆனால் விளம்பரத்தில் என்ன நடக்கிறது? தூண்டிலைக் காட்டி மீன் விலை வாங்குகிறார்கள். திரை படத்தில் பெரிதாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஃபிஸியோதெரபிஸ்ட் ஓரத்தில் வெட்டப்பட்டிருக்கிறார். வி-டைமில் ஒவ்வொரு நோயாளிக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டி, ஒருவர் கூடவே நின்று, அவரவர் நிலைமைக்குத் தகுந்தபடி கஷ்டத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஆளை எடுத்துவிட்டு, திரையை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் அது வி-டைம் இல்லை. ஷார்கோவின் நாற்காலி.

ஆகவே, யாராவது உங்கள் அப்பாவுக்கு இப்படி ஒரு கருவி வாங்கச் சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள்.

எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள்? எங்கப்பா மாதிரி, ஞாபகம் தடுமாறுகிறவர்கள் அதில் இருந்தார்களா? கருவியை நிறுத்தின பிறகு எத்தனை மாதம் பலன் நின்றது? பயிற்சியின்போது பக்கத்தில் நிற்கப்போவது யார்?

கடைசிக் கேள்விக்கு 'ஆள் எதற்கு சார், எல்லாம் ஆட்டோமேட்டிக்' என்று பதில் வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அப்பாவுக்குத் தொலைந்துபோனதே அந்த ஆட்டோமேட்டிக்தான்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் அப்பாவை டிரெட்மில்லில் ஏற்றிப் பதினேழாம் வாய்ப்பாடு கேட்காதீர்கள். தரையில் டேப் ஒட்டுவதானாலும், பேசிக்கொண்டே நடக்கப் பழக்குவதானாலும், நரம்பியல் டாக்டரையும் ஒரு நல்ல ஃபிஸியோவையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலருக்குக் கோடு உதவும், சிலருக்கு உதவாது. யாருக்கு எது என்று பார்த்துச் சொல்வதுதான் அவர்கள் படித்த படிப்பு. நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவர் வாசற்படியில் நிற்கும்போது பின்னாலிருந்து கேள்வி கேட்காதீர்கள். அவசரப்படுத்தாதீர்கள். தாண்டி வரட்டும், அப்புறம் பேசலாம்.

மறுபடி அந்தப் படத்துக்கு வருகிறேன். டாக்டரும் நர்ஸும் கட்டம் வரைந்தது அருமையான டெக்னாலஜி. வேலை செய்தது. ஆனால் அவர்கள் ஒன்றைத் தப்பாக நினைத்துவிட்டார்கள். தண்ணீருக்கு என்று நினைத்தார்கள், அவர் போனது ஜன்னலுக்கு. எப்படி நடக்கவைப்பது என்று தெரிந்தது, எங்கே போக ஆசை என்று தெரியவில்லை.

டிரெட்மில்லில் எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். அதில் பழகின காலை எங்கே கொண்டுபோவது என்பது திரையில் வராது. அப்பாவுக்குத் தெருமுனைப் பெட்டிக்கடை வரை போய்ப் பேப்பர் வாங்க வேண்டும் போலிருக்கலாம். மொட்டைமாடியில் நின்று வேப்பமரத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கலாம். ஃபிஸியோவிடம் போகும்போது அதைச் சொல்லுங்கள், பயிற்சியை அதற்குத் தகுந்தபடி அமைத்துக் கொடுப்பார்.

அதற்கு முன்னால் அப்பாவைக் கேளுங்கள். உட்காரவைத்துக் கேளுங்கள்.